மன்னிக்கவும், க்னாப்பிக்ஸைக் காணவில்லை

போன ஆடி மழையில் ஒரு சனிக்கிழமை. புனேயில் எங்கள் மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் தூத்துக்குடிக் குடும்பம் ஒரு பழைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விண்டோஸ் எழுந்திருக்கவில்லை. குழந்தையின் முதல் இரண்டு வருடப் போட்டோக்கள் உள்ளே. என் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு உபுண்டு பென் டிரைவ் கிடக்கும். செருகினேன். மெனு வந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் கறுப்புத் திரையில் ஒரு வரி. தமிழில் சொன்னால், 'லைவ் ஃபைல்சிஸ்டம் இருக்கும் எந்த ஊடகத்தையும் கண்டுபிடிக்க முடியவில்லை'.

பக்கத்தில் நின்ற என் மகள் (வயது பத்து, வாய் இருபது) கேட்டாள். "அப்பா, இந்த மெனுவே அந்தப் பென் டிரைவ்லேர்ந்துதானே வந்துச்சு? அப்புறம் எப்படிப் பென் டிரைவைக் காணோம்னு சொல்லுது?"

நீல நிற யுஎஸ்பி போர்ட்டிலிருந்து எடுத்துப் பக்கத்துக் கறுப்பு போர்ட்டில் செருகினேன். வந்துவிட்டது. போட்டோக்களை எடுத்துக் கொடுத்தேன், அவர்கள் கொடுத்த மக்ரூனைத் தின்றேன். ஆனால் மகளின் கேள்வி போகவில்லை. அதே கேள்வியை இதற்கு முன் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார், 2005-ல், எஸ்டிடி போனில். என் அப்பா. கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

(டிஸ்கி: கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் படிக்கலாம். தெரிந்தவர்கள், நான் சுருக்கிச் சொன்ன இடங்களில் பல்லைக் கடித்துக்கொள்ளவும்.)

அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2004 கடைசியில் திருநெல்வேலியில் அசெம்பிள் செய்த ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தேன். அவர் அதில் சீட்டாடுவார், நாலு மெயில் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ தாம் வேலை பார்த்த ஐந்து பள்ளிக்கூடங்களின் கதையை எழுத ஆரம்பித்துவிட்டார். மதிய உணவுக்கு அரிசி கொடுத்தது யார், எந்த வருஷம் ஓடு மாறியது, எந்தப் பையன் படிப்பை விட்டுவிட்டு பீடி சுற்றப் போனான் என்று எல்லாம். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எட்டு மாதத்தில் 140 பக்கம். வேறு பிரதி கிடையாது. கையெழுத்துப் பிரதியும் கிடையாது, நேரே கீபோர்டில்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் போன். "ஏல, ஏதோ என்டிஎல்டிஆர் மிஸ்ஸிங்னு கறுப்பா எழுதிக்கிட்டு நிக்குது. கடைக்காரத் தம்பி வந்து பாத்துட்டு ஃபார்மட் அடிச்சிரலாம் சார், புதுசு மாதிரி ஆயிரும்ங்கான்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அப்பா, அந்தத் தம்பியைக் காப்பி குடுத்து அனுப்பிருங்க. பெட்டியத் தொட விடாதீங்க."

என்டிஎல்டிஆர் என்பது விண்டோஸ் எக்ஸ்பியைத் தூக்கி நிறுத்தும் ஒரு சிறு ஃபைல். அது கெட்டுப்போனாலோ, படிக்க முடியாமல் போனாலோ வீடு பூட்டிக்கொள்ளும். உள்ளே சாமான்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வேண்டியது வேறு வழியாக உள்ளே போக ஓர் ஆள். அந்தக் காலத்தில் அந்த ஆளுக்கு ஒரே பெயர்தான்: க்னாப்பிக்ஸ்.

ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்டது இது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஒரே சிடி. போட்டு கம்ப்யூட்டரை முடுக்கினால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் முழு லினக்ஸும் மேஜைக்கு வந்துவிடும். கழற்றினால் வந்த சுவடே இருக்காது. நம்மூரில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வரும் சிடிகளில் இதெல்லாம் கிடைத்த காலம் அது. இறக்குமதி விஸ்கி போல அவற்றை அலமாரியில் அடுக்கி வைத்திருந்த பிரம்மச்சாரிகள் எங்கள் ரூமிலேயே மூன்று பேர்.

அவர் முதல் ஆள் இல்லை. அமெரிக்காவில் ஆடம் ரிக்டர் என்பவரின் இக்ட்ராசில் 1992 டிசம்பரிலேயே சிடியில் ஓடும் லினக்ஸை வெளியிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலை வெளியே விட்டு ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை! ஆனால் அந்தச் சிடியைத் துவக்க ஒரு ஃப்ளாப்பி வேண்டும். ஏனென்றால் அன்றைய பிசிக்களுக்குச் சிடியிலிருந்து பூட் ஆகவே தெரியாது. அப்புறம் 1998-ல் பிரான்சில் ராபர்தோ தி காஸ்மோ உள்ளிட்ட மூவர் டெமோலினக்ஸ் செய்தார்கள். 1999-ல் லினக்ஸ்கேர் நிறுவனம் விசிட்டிங் கார்டு அளவுச் சிடியில் 50 எம்பிக்குள் ஒரு லினக்ஸை அடைத்துக் கண்காட்சிகளில் கொடுத்தது. அந்தக் குட்டிச் சிடிக்காக ரஸ்டி ரஸல் எழுதிய 'சிலூப்' என்ற நிரல்தான் க்னாப்பிக்ஸின் குலதெய்வம். இரண்டு ஜிபி அளவுக்கு மென்பொருளைச் சுருக்கி 700 எம்பிச் சிடியில் வைத்துவிட்டு, தேவையான துண்டை மட்டும் அவ்வப்போது விரித்துக் கொடுக்கும் வேலை அதனுடையது. பின்னாளில் அதைப் பராமரித்ததும் க்னாப்பரே.

சரி, ஊருக்கு வருவோம்.

என்னிடம் இருந்த சிடி கூரியரில் போய்ச் சேர நாலு நாள் ஆகும். அதற்குள் உதவுகிறேன் என்று மதுரையில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா மகன் கிளம்பினான். கல்லூரி லேபில் யாரிடமோ க்னாப்பிக்ஸ் இருந்ததாம். ஒரு சிடியில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறி வந்து போட்டான். மறுபடியும் என்டிஎல்டிஆர். கம்ப்யூட்டர் சிடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சிடிக்குள்ள என்ன இருக்குடா?"

"ஒரே ஃபைல்ண்ணே. 700 எம்பி. ஐஎஸ்ஓன்னு முடியுது."

தலையில் கை வைத்தேன். அவனைக் குறை சொல்லி என்ன, அன்றைக்குப் பாதிப் பேர் செய்த தப்புதான். ஐஎஸ்ஓ ஃபைல் என்பது சிடியில் வைக்க வேண்டிய பொருள் இல்லை. அது சிடியின் அச்சு. அச்சு வெல்லத்துக்கும், அச்சையே பாகில் போட்டு எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1985-ல் அமெரிக்காவில் டஹோ ஏரி அருகே ஹை சியெரா என்ற ஹோட்டலில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் கூடினார்கள். ஆளுக்கொரு முறையில் சிடி எழுதினால் ஒருவர் சிடி இன்னொருவரிடம் படிக்காதே என்ற கவலை. அங்கே பேசிய ஏற்பாடுதான் கொஞ்சம் மாறி 1988-ல் ஐஎஸ்ஓ 9660 என்ற தரமாயிற்று. அதன்படி சிடியின் ஒவ்வொரு செக்டரிலும் 2048 பைட் தகவல். 16-ஆம் செக்டரில் சிடியின் பெயரும் ஊரும். சிடியிலிருந்து பூட் ஆவதைப் பற்றி அதில் எந்தப் பிசிக்காரரும் ஒத்துக்கொண்ட முறை இல்லை.

அதற்கு 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பயாஸ் எழுதும் ஃபீனிக்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து அந்த ஜனவரியில் ஒரு சின்ன ஆவணம் வெளியிட்டன. பெயர் 'எல் டொரிடோ'. கலிஃபோர்னியாவில் அவர்கள் சாப்பிட்ட மெக்சிகோ ஹோட்டலின் பெயர் என்று சொல்வார்கள். (சிடி சரித்திரத்தில் முக்கியமான எல்லாமே ஹோட்டலில்தான் நடந்திருக்கிறது. நம்மூரில் என்றால் 'சரவண பவன் தரம்' என்று வைத்திருப்பார்கள் போல.) அது சொன்னது இவ்வளவுதான்: பயாஸே, 17-ஆம் செக்டரைப் பார். அங்கே ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரியில் போய்த் துவங்கு.

தம்பி எழுதிய சிடியில் 17-ஆம் செக்டரில் இருக்க வேண்டியது அந்த ஒரே ஃபைலுக்குள்ளே எங்கோ புதைந்து கிடந்தது. பயாஸ் கதவைத் தட்டியது, ஆள் இல்லை, ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விட்டது. மதுரைத் தம்பி பாவம், ஞாயிறு அத்தை வீட்டு மீன்குழம்போடு திரும்பினான்.

செவ்வாய்க்கிழமை என் கூரியர் போய்ச் சேர்ந்தது. போன் ஹாலில், கம்ப்யூட்டர் உள்ளறையில். நடுவே தூதுவராகப் பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையன். நான் அப்பாவிடம் சொல்ல, அப்பா அவனுக்குக் கத்த, அவன் திரையைப் படித்து இவருக்குக் கத்த, இவர் எனக்குச் சொல்ல. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கு வீடியோ கால் இருக்கிறது. அன்றைக்குக் காதுதான் கண்.

"பென்குயின் படம் வந்திருக்கு சார்!" என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது. துள்ளினேன். வரிவரியாக எழுத்து ஓடுவதாகச் சொன்னான். அப்புறம் நின்றது. அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "கான்ட் ஃபைண்ட் க்னாப்பிக்ஸ் ஃபைல்சிஸ்டம், ஸாரி."

அப்பா சிரித்துவிட்டார். "என்னல இது, ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு காடெல்லாம் தேடுன கதையால்லா இருக்கு. அந்தச் சிடியிலருந்துதான வந்தான்? அந்தச் சிடியவே காணும்ங்கான். அதுக்கு ஸாரி வேற."

ஸாரி சொன்னது க்னாப்பரின் மரியாதை. (பிற்காலச் சிடிகளில் வந்த ஐசோலினக்ஸும், சிடி சரியாக எழுதப்படாவிட்டால் 'செக்சம் எரர், ஸாரி' என்றுதான் சொல்லும். விண்டோஸ் நம்மிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.) ஆனால் அப்பா கேட்ட கேள்வி சரியான கேள்வி. லைவ் சிடி எழாமல் போகும் கதைகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் விழிப்பது பயாஸ். 1981-ல் ஐபிஎம் பிசியோடு பிறந்தது. 16 பிட் உலகத்து ஆள். டிஸ்க்கிலிருந்து ஒரு துண்டைப் படித்துத் தா என்றால் தரும். எல் டொரிடோ வந்தபோது, இந்த ஆளைப் புதிதாகப் பழக்குவதைவிட ஏமாற்றுவது சுலபம் என்று கண்டார்கள். சிடியில் 1.44 எம்பி அளவுக்கு ஒரு ஃப்ளாப்பியின் பிரதியை வைத்துவிடுவது. பயாஸ் அதைக் காட்டி 'இதுதான் ஏ டிரைவ்' என்று சொல்லிவிடும். உள்ளே போகும் நிரல் தான் ஃப்ளாப்பியில் இருப்பதாகவே நம்பும். ஆரம்பகால க்னாப்பிக்ஸ் இப்படித்தான் வந்தது. அந்த 1.44 எம்பிக்குள் லினக்ஸ் கெர்னலும், கூடவே ஒரு சின்ன மூட்டையும். பென்குயின் வந்தது அந்த மட்டில்தான்.

கெர்னல் விழித்ததும் செய்யும் முதல் காரியம் 32 பிட் உலகத்துக்குத் தாவுவது. தாவிய பின் பயாஸின் பேச்சு எடுபடாது. இவ்வளவு நேரம் சிடியைப் படித்துப் படித்து ஊட்டியவர் ஆற்றின் அக்கரையிலேயே நின்றுவிடுகிறார். சரி, எந்த வயரில் எந்த டிரைவிலிருந்து படித்தீர்கள் என்று ஒரு சீட்டாவது எழுதிக் கொடுத்தாரா என்றால் அதுவும் உருப்படியாக இல்லை. ஆக, கெர்னல் எழுந்து உட்கார்ந்து தான் எங்கிருந்து வந்தோம் என்று தானே தேட வேண்டும். மூட்டையில் இருக்கும் சின்ன நிரல் ஒவ்வொரு டிரைவாகக் கதவைத் தட்டி, 'க்னாப்பிக்ஸ் என்ற பெரிய ஃபைல் இங்கே இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டே போகும். இல்லையென்றால் ஸாரி.

தோளில் ஆட்டைப் போட்டவன் ஒருவன், காட்டில் தேடுகிறவன் வேறொருவன். அப்பாவுக்கு இதைப் போனில் சொன்னேன். "சார்ஜ் லிஸ்ட் எழுதாம டிரான்ஸ்ஃபர்ல போன ஹெட்மாஸ்டர்னு சொல்லு" என்றார். பீரோச் சாவி எங்கே என்று புது ஹெட்மாஸ்டர் ஊர் முழுக்கக் கேட்டு அலைவாராம். அவரே அப்படி அலைந்திருக்கிறார், 1979-ல்.

ஏன் தேடிக் கிடைக்கவில்லை? இதற்கு அன்று மூன்று சந்தேகங்கள் வழக்கம்.

முதல் சந்தேகம் சிடியின் மேல். மலிவான சிடியை 52 மடங்கு வேகத்தில் எழுதினால் சில டிரைவ்கள் படிக்கத் திணறும். 'இளையராஜா சிடி நன்றாகப் பாடுகிறதே' என்று அப்பா கேட்டார். பாட்டுச் சிடியில் ஒரு துளி அழிந்தால் டிரைவ் முன்னே பின்னே பார்த்து ஊகித்து நிரப்பிவிடும், காதுக்குத் தெரியாது. தகவல் சிடியில் ஊகம் செல்லாது. அதனால்தான் ஒவ்வொரு செக்டரிலும் இருக்கும் 2352 பைட்டில் தகவலுக்கு 2048 போக மீதியில் பெரும்பங்கைப் பிழை திருத்தத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதையும் மீறிக் கெட்டால், சுருக்கி அடைத்த க்னாப்பிக்ஸில் ஒரு செக்டர் போனாலும் அந்தத் துண்டு முழுவதும் விரியாது. இதைச் சோதிக்க 'டெஸ்ட்சிடி' என்று ஒரு கட்டளை உண்டு. ஆனால் வேடிக்கை, சிடியைக் கண்டுபிடித்தால்தான் அதைச் சோதிக்கும்! பக்கத்துத் தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. பையன் சைக்கிளில் போய் அங்கே போட்டுப் பார்த்தான். முழுசாக எழுந்தது, சோதனையிலும் தேறியது. சிடி நல்ல சிடி.

இரண்டாவது சந்தேகம் மதர்போர்டின் மேல். க்னாப்பிக்ஸ் பிரியர்கள் இதற்கு 'சீட்கோட்' என்று ஒரு மந்திரப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பூட் என்று நிற்கும் இடத்தில் 'க்னாப்பிக்ஸ் நோஏபிக்', 'ஏசிபிஐ=ஆஃப்', 'ஐடிஇ=நோடிஎம்ஏ', எதுவும் ஆகாவிட்டால் 'ஃபெயில்சேஃப்'. ஒவ்வொன்றும் யாரோ ஒரு தயாரிப்பாளர் அரைகுறையாக முடித்த வேலைக்கு எழுப்பிய நடுகல். ஏசிபிஐ என்பது கரண்ட் சிக்கனம் முதலானவற்றைக் கவனிக்க 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு. விண்டோஸில் ஓடினால் போதும் என்று பல போர்டுகளில் அதன் அட்டவணைகளை ஏனோதானோவென்று எழுதிவைத்திருந்தார்கள். லினக்ஸ் அதை நம்பிப் போய்க் குழியில் விழும். 'அதைப் பார்க்காதே' என்று சொல்வதுதான் அந்த மந்திரம். அப்பாவுக்குப் போனில் 'ஈக்வல் டு' குறி எங்கே என்று சொல்வதிலேயே எனக்குப் பத்து நிமிஷம் போனது. எல்லா மந்திரமும் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஸாரி.

அன்றிரவு தூங்கவில்லை. 140 பக்கம் இருந்தது மனதில் என்று சொன்னால் பாதிப் பொய். இன்னொன்றும் இருந்தது. போனை வைக்கும்போது அப்பா, "விடுல, நான் திரும்பவும் அடிச்சுக்கிடுதேன்" என்றார். எனக்குச் சமாதானம் சொல்லும் குரல் அது. அவருக்கு அப்போது 61. முதல் தடவை எழுதியபோது இருந்த ஆறு பேரில் இருவர், அவருக்குத் தேதிகளும் பெயர்களும் எடுத்துக் கொடுத்த பழைய வாத்தியார்கள், நடுவில் தவறிப்போயிருந்தார்கள்.

மூன்றாவது சந்தேகம் மறுநாள் ஆபீஸில் காப்பி குடிக்கும்போதுதான் வந்தது. என் சிடி 2003-ஆம் வருடப் பதிப்பு, கெர்னல் 2.4. அப்பாவின் கம்ப்யூட்டர் 2004 கடைசியில் வாங்கியது. அதில் சாட்டா ஹார்ட் டிஸ்க்!

1984-ல் ஐபிஎம் தன் ஏடி மாடலில் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு வாசல் எண் கொடுத்தது. 1எஃப்0. பின்னால் இரண்டாவது ஜோடிக்கு 170. இருபது வருஷம் உலகத்துப் பிசிக்கள் எல்லாம் அந்த இரண்டு வாசலிலேயே டிஸ்க்கையும் சிடி டிரைவையும் வைத்திருந்தன. லினக்ஸ் வந்து தட்டினால் அங்கே ஆள் இருக்கும். சாட்டா வந்ததும் புது சிப்செட்டுகள் வாசலை மாற்றும் வசதியோடு வந்தன. விண்டோஸ் எக்ஸ்பிக்குப் புது முகவரி தெரியும். 2003-ல் கட்டிய என் கெர்னலுக்கு அந்த சிப்செட்டே தெரியாது. பழைய வாசலில் போய்த் தட்டியது. பூட்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் கம்ப்யூட்டர் பழசு, அதனால்தான் அங்கே எழுந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போன். டெலிட் பட்டன், பயாஸ், ஐடிஇ என்று எழுதியிருக்கும் பக்கம். "நேட்டிவ்னு ஒண்ணு போட்டிருக்கு சார்" என்றான் பையன். "வேற என்ன இருக்கு?" "லெகசி." அந்தச் சொல் கேட்டு எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்புவீர்களா. லெகசி என்று வைத்தால் புது சிப்செட் பழைய 1எஃப்0, 170 வாசல்களில் வந்து நிற்கும். ஃப்ளாப்பி வேஷம் போட்ட சிடிக்காக, 1984-ஆம் வருட வேஷம் போட்டுக்கொள்ளும் 2004-ஆம் வருட போர்டு. நல்லவேளை, இந்த வேஷத்தில் சாட்டா ஹார்ட் டிஸ்க்கும் பழைய டிஸ்க் போலவே கண்ணுக்குத் தெரியும்.

எஃப்10, ஆமாம், ரீஸ்டார்ட். பென்குயின். எழுத்துகள். அப்புறம் ஸ்பீக்கரில் ஏதோ ஒரு குரல் இங்கிலீஷில் பேசியது. "ஏல, பேசுது!" என்றார் அப்பா. கேடிஇ திரை வந்துவிட்டது.

ஹார்ட் டிஸ்க் படத்தைத் தட்டச் சொன்னேன். க்னாப்பிக்ஸ் அதைப் படிக்க மட்டும்தான் திறக்கும், தானாக எழுதாது. அதனால் பயமில்லை. அப்பாவின் ஃபோல்டர் இருந்தது. ஐந்து பள்ளிக்கூடம், ஐந்து ஃபைல். முதல் ஃபைலைத் திறந்தார்கள். சற்று நேரம் சத்தமே இல்லை.

"எல்லாம் போச்சுல." அப்பாவின் குரல் இறங்கியிருந்தது. "கோணல் மாணலா என்னவோ ஐரோப்பாக்காரன் எழுத்தா கெடக்கு. ஒரு தமிழெழுத்து இல்ல."

எனக்கு உயிர் வந்தது. யூனிகோட் பரவாத அந்த நாளில் தமிழ் என்பது பெரும்பாலும் ஃபான்ட்டில்தான் இருந்தது. ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகள் உட்கார்ந்திருக்கும் எண்களிலேயே க, ங, ச வரைந்து வைத்த ஃபான்ட்டுகள். டிஸ்கி, டாப், டாம் என்று பல முறைகள், கம்பெனிக்கொரு முறை வேறு. அந்த ஃபான்ட் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கோணல் மாணல். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் ஃபான்ட் ஜெர்மன்காரர் சிடியில் இருக்க என்ன நியாயம்? "விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு இருக்கும், அதையும் சேத்து எடுக்கச் சொல்லுங்க." இதை மட்டும் அன்று மறந்திருந்தால், 140 பக்கத்தையும் காப்பாற்றிவிட்டுப் படிக்க முடியாமல் வைத்திருப்போம்.

பையனின் அக்கா கல்லூரியிலிருந்து கொண்டுவந்த 128 எம்பி பென் டிரைவில் எல்லாம் ஏறியது. எழுதி முடித்த பின் அதை முறையாகக் கழற்றச் சொல்லி மூன்று தடவை கத்தினேன். அப்புறம் பயாஸில் லெகசியை மறுபடி நேட்டிவ் ஆக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் விண்டோஸ் போடும்போது அது வேறு வம்பு. அதன் பிறகு கடைக்காரத் தம்பியைக் கூப்பிட்டு ஃபார்மட் அடித்தார்கள். அவருக்கு இன்னொரு காப்பி.

அதன் பின்னான சரித்திரம் உங்களில் பலருக்கு நேரில் தெரிந்திருக்கும். உபுண்டு 2004 அக்டோபரில் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவும் வாங்காமல் சிடி அனுப்பினார்கள். 2011-ல் அதை நிறுத்தும் வரை, இந்தியாவில் எத்தனை ஹாஸ்டல் அறைக் கதவுகளில் அந்த உறைகள் ஒட்டியிருந்தன! சென்னையில் சி-டாக் செய்த பாஸ் லினக்ஸ் 2007-ல் வந்தது. ஃப்ளாப்பி வேஷம் போய், பீட்டர் ஆன்வினின் ஐசோலினக்ஸ் வேஷமில்லாமல் சிடியிலிருந்தே துவக்கியது. சிலூப்புக்குப் பதில் ஸ்குவாஷ்எஃப்எஸ் வந்து 2009-ல் கெர்னலுக்குள்ளேயே குடியேறியது. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10 ஒரு சிடிக்குள் அடங்கவில்லை, 700 எம்பி என்ற கணக்கு அதோடு போயிற்று. அதே வருடம் விண்டோஸ் 8 கம்ப்யூட்டர்களோடு செக்யூர் பூட் வந்து, கையெழுத்துப் போட்ட நிரலைத்தான் உள்ளே விடுவேன் என்று வாசலில் நின்றது. கொஞ்ச நாள் அது பெரிய தலைவலி. முக்கிய லினக்ஸ்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு சமாளித்தன. பிறகு லேப்டாப்களிலிருந்து சிடி டிரைவே மறைந்தது.

பயாஸ் போய் யூஇஎஃப்ஐ வந்த பின்னும் அந்தக் கைமாற்று மட்டும் அப்படியே இருக்கிறது. முதலில் படிப்பவர் ஒருவர், பிறகு தேடுபவர் வேறொருவர். தூத்துக்குடிக்காரர் லேப்டாப்பில் மெனுவைக் கொண்டுவந்தது லேப்டாப்பின் உள் நிரல். அதற்கு நீல யுஎஸ்பி 3 போர்ட் படிக்கத் தெரிந்திருந்தது. அதன் பின் எழுந்த லினக்ஸுக்கு அந்தப் போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. கறுப்பு போர்ட் பழைய முறை. ஒத்துப்போயிற்று. உங்களுக்கும் இப்படி வந்தால், போர்ட்டை மாற்றிப் பாருங்கள், ஐஎஸ்ஓவின் செக்சம் சரியா என்று பாருங்கள், மறுபடி எழுதிப் பாருங்கள், பயாஸில் டிஸ்க் முறையைப் பாருங்கள் (மாற்றினால் பழையதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்). இந்த வரிசையில்தான். மந்திரங்கள் அதற்கப்புறம்.

மகளுக்கு இவ்வளவும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, "சிடின்னா என்னப்பா?" அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது காட்டினேன். அப்பாவின் புத்தகம் 2008-ல் யூனிகோடுக்கு மாற்றி, திருநெல்வேலியில் அச்சடித்து, 60 பிரதி எடுத்து ஊரில் கொடுத்தாயிற்று. டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இளையராஜா சிடிகளுக்கு நடுவில் என் கூரியர் சிடி இன்னும் இருக்கிறது. உறையின் மேல் அப்பாவின் குண்டு எழுத்தில் நீல மையில்: 'ஆடு தேடும் சிடி. அழிக்க வேண்டாம்.'